அரிசி அளக்கும் பால் டின்னால் சோற்றையும் அளக்கலாம்

ரங்கூனில் எந்தத் தமிழர் வீட்டுக்குப் போனாலும் அரிசிப் பானைக்குள் ஒரு பால் டின் கிடக்கும். டின்பால் தீர்ந்ததும் மேல்மூடியை வெட்டியெடுத்து, விளிம்பைத் தட்டி மழுக்கி, கழுவிக் காயவைத்து அரிசிக்குள் போட்டுவிடுவோம். பர்மியர் அதை நொசிபூ என்பார்கள். எட்டு நொசிபூ ஒரு பியி, பதினாறு பியி ஒரு கூடை என்று இந்த நாட்டின் அரிசிக் கணக்கே அந்த டின்னிலிருந்துதான் தொடங்குகிறது. என் பாட்டி கடைசி வரை அதை உழக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஊர் உழக்கும் இந்த டின்னும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவுதான், அதனால் அவருக்குச் சமையல் கணக்கு மாறவே இல்லை.

உலையில் எத்தனை டின் அரிசி போட வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வெந்த பிறகு தன் தட்டுக்கு எத்தனை டின் சோறு வந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது. எடை குறைக்க வேண்டும் என்று இப்போதுதான் முடிவெடுத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது இதைத்தான்: அரிசியை அளக்கும் கையோடு சோற்றையும் அளக்கப் பழகுங்கள். புதுப் பெட்டியோ புது உணவோ வாங்க வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. அவரோடு போன நானும் எடை பார்த்தேன். 168 பவுண்டு. என் உயரம் ஐந்தடி இரண்டங்குலம். "ரெண்டு பேரும் சோத்தைக் குறைக்கணும். இப்ப எவ்வளவு சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருபத்தைந்து வருடமாக ஐந்து பேருக்குச் சமைக்கிறேன், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எவ்வளவு என்று தெரியாத ஒன்றை எப்படிக் குறைப்பது?

சிங்கப்பூரில் இருக்கும் உறவினர் ஒருவர் வண்ணப் பெட்டிகள் ஒரு செட் அனுப்பிவைத்தார். அமெரிக்காவில் பிரபலமான முறை அது. காய்கறிக்குப் பச்சைப் பெட்டி, பழத்துக்கு ஊதா, மீன் முட்டைக்குச் சிவப்பு, சோறு ரொட்டிக்கு மஞ்சள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. ஒரு நாளைக்கு எந்தப் பெட்டியை எத்தனை தடவை நிரப்பலாம் என்பது கணக்கு. யோசனை மிக நல்ல யோசனை. ஆனால் மஞ்சள் பெட்டியில் அரைக் கப் சோறுதான் கொள்ளும். இரண்டு வேளையும் சோறு உண்டு வளர்ந்த நமக்கு அந்தப் பெட்டியோடு வாழ்வது கடினம். எனக்கு அது பத்து நாள்தான் ஓடியது. அப்புறம்தான் அரிசிப் பானைக்குள் கிடந்த டின் கண்ணில் பட்டது.

உங்கள் டின் எவ்வளவு பிடிக்கும்?

எல்லா டின்னும் ஒரே அளவு இல்லை. இப்போது வரும் சில டின்கள் பழையதைவிடச் சிறியவை. அதனால் முதல் வேலையாக உங்கள் டின்னில் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, அதை அளவுக்கோடு போட்ட பாட்டிலிலோ குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டியிலோ ஊற்றிப் பாருங்கள். தராசு இருந்தால் டின்னை வெறுமனே நிறுத்து, தண்ணீரோடு ஒரு முறை நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம்; ஒரு கிராம் தண்ணீர் ஒரு மில்லிலிட்டர். எங்கள் வீட்டு டின் 300 மில்லி. கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் அந்த அளவுக்குத்தான். உங்கள் டின் 250 மில்லி என்றால் ஆறில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கூடை அரிசி 75 பவுண்டு என்பது இங்கே நெடுநாள் வழக்கம். அதில் 128 டின் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு டின் அரிசி 265 கிராம் வரும், கிட்டத்தட்ட 950 கலோரி. அந்த ஒரு டின் அரிசி வெந்தால் மூன்று முதல் மூன்றரை டின் சோறாகும். ஆக ஒரு டின் சோறு சுமார் 275 கலோரி. இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

டின்னைத் தட்டையாக வழிப்பதா, கோபுரமாக அள்ளுவதா என்பதும் முக்கியம். என் மாமியார் அரிசி அளக்கும்போது பார்க்க வேண்டும். டின்னை அரிசிக்குள் அமிழ்த்தி எடுப்பார், வலது உள்ளங்கையை விளிம்பின் மேல் வைத்து ஒரே இழுப்பில் வழிப்பார். ஒரு மணி அரிசி கூட மேலே நிற்காது. சந்தையில் நல்ல மனசுக்காரர்கள் கோபுரமாக அள்ளிப் போடுவார்கள். நான் இரண்டையும் நிறுத்துப் பார்த்தபோது எங்கள் டின்னில் 40 கிராம் வித்தியாசம் இருந்தது. சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் அத்தை வழிக்கிற மாதிரி வழித்த அளவைத்தான் அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெந்த சோற்றை அந்தத் தகர டின்னாலேயே அள்ள வேண்டாம். விளிம்பு கையை வெட்டும், ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எடுங்கள். அதில் ஒரு டின் தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நிற்கும் இடத்தில் உட்புறமாக ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். அரை டின் ஊற்றி அதற்கும் ஒரு கோடு. இதுதான் இனி உங்கள் சோற்றுக் கிண்ணம். வேறு யாரும் ரசம் குடிக்க எடுத்துப் போகாதபடி அதற்குத் தனி இடம் கொடுங்கள்.

சோற்றைக் கிண்ணத்தில் அள்ளும்போது கரண்டியால் அமுக்கக் கூடாது. பவ்சான் மாதிரி மென்மையான அரிசி தானாகவே ஒட்டிக்கொண்டு இறுகும், அதே கிண்ணத்தில் கூடுதல் எடை உட்கார்ந்துவிடும். உதிரி உதிரியாக நிற்கும் அரிசியாக இருந்தால் அந்தக் கவலை குறைவு. பவ்சான் சாப்பிடுகிறவர்கள் கரண்டியால் ஒரு முறை கிளறிவிட்டு அள்ளுங்கள்.

முதல் வாரம் எதையும் குறைக்காதீர்கள்

இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. முடிவெடுத்த அன்றே குறைத்துவிட வேண்டும் என்ற வேகம் எல்லோருக்கும் வரும். வேண்டாம். முதல் ஏழு நாள் வழக்கமாகச் சாப்பிடுகிற அளவையே சாப்பிடுங்கள், ஆனால் கிண்ணத்தின் வழியாக. முதல் கிண்ணம், இரண்டாவது கிண்ணம், கடைசியில் மோருக்குப் போட்டுக்கொள்கிற அந்தக் கொஞ்சம், எல்லாவற்றையும் அளந்து நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதுங்கள். குழந்தை மிச்சம் வைத்ததை எடுத்துச் சாப்பிட்டால் அதையும்.

என் தாளில் இருந்தது இது: மதியம் இரண்டே கால் டின், இரவு இரண்டு டின். கிட்டத்தட்ட 1170 கலோரி சோற்றிலிருந்து மட்டும். அந்தத் தாளைப் பார்க்கும் வரை நான் அளவாகச் சாப்பிடுகிறவள் என்றுதான் மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். தட்டு பெரியது, குழம்பு ஊற்றியதும் சோறு அமுங்கிவிடும். கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும்.

இரண்டாவது வாரத்துக்குப் போகும் முன் ஒன்று. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்களும், கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, கிளிமெபிரைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் கேட்காமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. மருந்து பழைய அளவு, சோறு பாதி என்றால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் இருட்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரு சாயங்காலம் அப்படி ஆனது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, கால் மணி நேரத்தில் மறுபடி பரிசோதித்தோம். ஆள் தெளிவாக இருக்கும்போதுதான் இப்படி வாயில் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் எதையும் புகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். மறுநாளே போய் மாத்திரை அளவை மாற்றிக்கொண்டு வந்தோம். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள், வளர்கிற பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் யாருக்கும் இந்தக் கட்டுரை இல்லை. என் மாமியாருக்கும் இல்லை. அவருக்கு 74 வயது, அவர் எடை குறையவே கூடாது என்றுதான் நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் அரை அரை டின்னாக

இரண்டாவது வாரம் ஒவ்வொரு வேளையிலும் அரை டின் குறையுங்கள். மூன்றாவது வாரமும் அதே அளவு. நான்காவது வாரம் இன்னொரு அரை டின். நான் இப்படி வந்து நின்ற இடம் மதியம் ஒன்றே கால் டின், இரவு ஒரு டின். ஒரு நாளைக்கு இரண்டு டின் சோறு குறைந்தது, அதாவது சுமார் 550 கலோரி. தினமும் 500 கலோரி அளவுக்குக் குறைத்தால் வாரத்துக்கு ஒரு பவுண்டு வரை இறங்கும் என்பது பொதுவான கணக்கு. நடைமுறையில் அதைவிட மெதுவாகத்தான் இறங்கும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மதியம் ஒரு டின்னுக்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குக் கீழே போனவர்கள் நாலு மணிக்குப் பசி தாங்காமல் சமோசாவில் கை வைத்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

கணக்கைவிடக் கடினமானது வீடு. நான் முதல் நாள் கிண்ணத்தோடு உட்கார்ந்தபோது மாமியார் கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டார். "ஏம்மா, சோத்தையா அளக்குறே? அரிசிய அளக்கலாம், சோத்த அளக்கப்படாது" என்றார். அவர் கோபப்படவில்லை, கலங்கிப்போனார். பஞ்சம் பார்த்த குடும்பத்திலிருந்து வந்தவர். நம் வீடுகளில் சோற்றை அளந்து போடுவது என்றால் கஞ்சத்தனம், அல்லது வேண்டாத விருந்தாளி என்று பொருள். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். அதனால் வழியை மாற்றிக்கொண்டேன். இப்போது பரிமாறும் இடத்தில் அளப்பதில்லை. சோறு வடித்து இறக்கியதும், யாரும் உட்காரும் முன்பே, அடுப்படியில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் உரியதைக் கிண்ணத்தில் அளந்து எங்கள் தட்டுகளில் கொட்டி மூடி வைத்துவிடுகிறேன். பந்தியில் அத்தை வழக்கம்போல எல்லோருக்கும் பரிமாறுவார், எங்கள் தட்டுக்குக் காயும் ரசமும் போடுவார். "இன்னும் கொஞ்சம் வச்சுக்க" என்று அவர் சொல்லும்போது "கீரை வைங்க அத்தை" என்பேன். அவருக்கும் கை நிறையப் போட்ட திருப்தி. மற்றவர்களின் சோற்றை அளக்கவே அளக்காதீர்கள். வீட்டில் சண்டை வந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது கிண்ணம்தான்.

இன்னொன்று, உலையில் போடும் அரிசியையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு டின் சோறு குறைத்தால் அந்த வேளைக்கு அரை டின்னுக்குச் சற்றுக் கூடுதலாக அரிசி குறையும். அதைக் குறைக்காமல் விட்டால் மிச்சச் சோறு பானையில் இருந்துகொண்டே இருக்கும். வீணாகிறதே என்று நாமே சாப்பிட்டுவிடுவோம்.

தட்டின் மற்ற பாதி

சோற்றைக் குறைத்த இடம் காலியாக இருக்கக் கூடாது. இரண்டு டின் சோறு போன இடத்தில் ஒரு டின்னாவது காய் வர வேண்டும், முடிந்தால் ஒன்றரை. வெந்த வள்ளைக்கீரை, பீர்க்கங்காய், சுரைக்காய், முருங்கைக்காய், முட்டைகோஸ் எதுவானாலும் சரி, எண்ணெய் அதிகம் இல்லாவிட்டால் ஒரு டின் காயில் சோற்றில் கால் பங்கு கலோரி கூட வராது. புளிச்சகீரையைப் பர்மியர் செய்வதுபோலப் புளிப்புச் சாறாக வைத்து, சோற்றைத் தொடும் முன் ஒரு கிண்ணம் குடித்துவிடுங்கள். எனக்குப் பாதிப் பசி அதிலேயே அடங்கும்.

உருளைக்கிழங்கும் சேப்பங்கிழங்கும் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். நம் வீடுகளில் உருளை வறுவலைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுகிறோம். அது சோற்றைத் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவதற்குச் சமம்.

பருப்பு கெட்டியாக அரை டின். மீன், கோழி என்றால் விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கை அளவு ஒரு துண்டு. ரோகு மீன் எல்லாச் சந்தையிலும் கிடைக்கிறது, பொரிக்காமல் குழம்பில் போட்டால் நல்லது. காலையில் விற்றுக்கொண்டு வரும் அவித்த பட்டாணி, பேப்யோ, எனக்குத் தெரிந்து இந்த ஊரின் மிகச் சிறந்த காலை உணவு. அரை டின் பேப்யோ, மேலே வெங்காயம், எலுமிச்சை. எண்ணெய் ஊற்றாமல் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் எல்லோரையும் ஏமாற்றும். வறுத்த நிலக்கடலை. கால் டின் கடலை ஏறக்குறைய ஒரு டின் சோற்றுக்குச் சமம். டிவி பார்த்துக்கொண்டே கொறித்தால் கால் டின் எப்போது போனது என்று தெரியாது. கடலை உடம்புக்கு நல்லதுதான், வேண்டுமென்றால் ஒரு பிடி அளந்து எடுத்துக்கொண்டு டப்பாவை மூடிவிட்டு வாருங்கள். ஊறவைத்த தேயிலையில் கலக்கும் லப்பெ தோவில் சேரும் வறுத்த பயறும் எள்ளும் எண்ணெயும் இதே வகைதான்.

எண்ணெயை வீசைக் கணக்கில் பாருங்கள்

சோற்றை அளந்தும் எடை இறங்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒரே கேள்வி: வாரத்துக்கு எத்தனை வீசை எண்ணெய் வாங்குகிறீர்கள்?

வீசை நம் சொல். தமிழ்நாட்டில் வீசை மறைந்து கிலோ வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இங்கே இன்னும் கடைத்தெருவை ஆள்கிறது. ஊர் வீசை 1.4 கிலோ, பர்மா வீசை 1.63 கிலோ. ஒரு வீசை எண்ணெயில் 14,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. ஐந்து பேர் வீட்டில் அது ஒரு வாரத்தில் தீர்ந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கலோரி எண்ணெயிலேயே போகிறது. ஒன்றரை டின் சோறு அது, கண்ணுக்குத் தெரியாமல்.

பர்மியக் குழம்பில் எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால்தான் குழம்பு இறங்கும் பதம். அந்தப் பழக்கம் நம் அடுப்புக்கும் வந்துவிட்டது. எண்ணெய் மேலே நிற்பது குழம்பு கெடாமல் இருக்க உதவும் என்பதும் உண்மை. ஆனால் அன்றன்றைக்குச் சமைத்துத் தீர்க்கிற வீட்டில் அது தேவையில்லை. நான் செய்தது இது: ஞாயிற்றுக்கிழமை அரை வீசை எண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றிவைப்பேன், அடுத்த ஞாயிறு வரை அதுதான். ஐந்து பேருக்கு ஆளுக்கு தினம் 200 கலோரி, பழைய அளவில் பாதி. முதல் மாதம் வியாழக்கிழமையே பாட்டில் காலியானது. இரண்டாவது மாதம் சனிக்கிழமை வரை வந்தது. பாட்டிலிலிருந்து நேராகச் சட்டியில் சரிக்காமல் மேசைக்கரண்டியில் ஊற்றி அப்புறம் சட்டியில் விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தாளிக்க ஒன்றரை கரண்டி போதும். வதக்கும்போது அடிப்பிடித்தால் எண்ணெய்க்குப் பதில் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள்.

ஙப்பி என்னும் மீன், இறால் விழுதும் மீன் சாறும் எடையைக் கூட்டாது, ஆனால் உப்பு மிக அதிகம். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த உப்பு இன்னும் கொஞ்சம் சோற்றையும் இழுத்துவரும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு கேரியர்

வெளிநாட்டுக் குறிப்புகளில் ஞாயிறன்று ஒரு வாரத்துக்கும் சமைத்துப் பெட்டி பெட்டியாகக் குளிர்பெட்டியில் அடுக்கச் சொல்வார்கள். கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கும் ஊரில் அது ஆகாது, வயிற்றைக் கெடுக்கும். நமக்கு அடுக்கு கேரியர் இருக்கிறது. காலையில் கட்டி மதியம் சாப்பிட்டால் முடிந்தது. அதைவிட நல்ல அளவுப் பெட்டி வேறு எதுவும் இல்லை.

மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லோர் கேரியரிலும் அடியில் இருக்கும் பெரிய அடுக்கில் சோறு, மேலே சின்ன அடுக்கில் ஒரு பிடி காய் இருக்கும். அதைத் தலைகீழாக்குங்கள். பெரிய அடுக்கு காய்க்கு, சின்ன அடுக்கு சோற்றுக்கு, நடு அடுக்கு பருப்புக்கோ மீனுக்கோ. ஒவ்வொரு அடுக்கையும் முதலில் டின் தண்ணீரால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கேரியரின் மேலடுக்கு விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிரப்பினால் சரியாக ஒன்றே கால் டின். என் மகள் வேலைக்குப் போகிறாள், அவள் யாரிடமும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. கேரியரைத் திறந்து சாப்பிட்டுவிட்டு மூடி எடுத்து வருகிறாள்.

கேரியர் கட்ட முடியாத நாளில் பர்மியச் சோற்றுக் கடைக்குப் போனால், கறியோடு புளிப்புச் சாறும் பச்சைக் காய்த் தட்டும் தானாகவே வரும். அந்தத் தட்டை முதலில் காலி செய்யுங்கள். சோறு மறுபடி போட வருவார்கள், தட்டின் மேல் கையை வைத்துத் தலையாட்டினால் போதும். கறியைக் கிண்ணத்தோடு சோற்றில் கவிழ்க்காமல் துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் கிண்ணத்திலேயே தங்கிவிடும். மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸான மொஹிங்கா என்றால் மேலே உடைத்துப் போடும் எண்ணெயில் பொரித்த துண்டுகள் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்; முட்டை போட்டுக்கொள்ளலாம்.

தேநீர்க்கடை

இதுதான் நம் ஆண்களுக்கு மிகப் பெரிய கண்ணி. பெண்களும் இப்போது குறைவில்லை. இங்கே டின்பால் இல்லாமல் தேநீர் இல்லை. கோப்பையின் அடியில் இரண்டு மேசைக்கரண்டி டின்பால் ஊற்றினாலே 120 கலோரி, ஒரு நாளைக்கு மூன்று கோப்பை என்றால் ஒன்றேகால் டின் சோற்றுக்கு மேல். சோற்றைக் கஷ்டப்பட்டுக் குறைத்துவிட்டு அதை இங்கே திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது.

சொல்கிற விதத்தை மாற்றினால் பாதி வேலை முடிந்தது. சோ செயின் என்றால் இனிப்பு தூக்கல். போ செயின் என்று கேட்டால் இனிப்பு குறைவு. போ ஜா என்றால் பாலும் குறைவாக, கடுப்பமாக வரும். என் வீட்டுக்காரர் சோ செயினிலிருந்து போ செயினுக்கு ஒரு மாதம், அங்கிருந்து போ ஜாவுக்கு ஒரு மாதம் என்று இறங்கினார். இப்போது காலையில் ஒரு கோப்பை போ ஜா, அவ்வளவுதான். அப்புறம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்து பேசினாலும் மேசையில் இருக்கும் சீனத் தேநீர்க் குடுவை இருக்கிறது. காசும் இல்லை, கலோரியும் இல்லை. மாவை நீளமாக இழுத்து எண்ணெயில் பொரித்த ஈச்சாகொய்யை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள், எடுத்ததற்கு மட்டும்தான் காசு. வைத்த உடனே தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் தேநீர் போடும்போது டின்னிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். தேக்கரண்டி.

கோயில் அன்னதானத்திலும் கல்யாணத்தில் போடும் டம்பவுக் பிரியாணியிலும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. போட்டதைச் சாப்பிடுங்கள், மறுசோறு வேண்டாம் என்று இலையை மூடுங்கள், அன்று இரவு சாற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிரசாதம் பிரசாதம்தான். மறுநாள் காலையில் கிண்ணம் அதே இடத்தில் இருக்கும்.

எடை பார்ப்பது

வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே மாதிரி உடை. தினமும் பார்த்தால் மனசு உடையும், ஏனென்றால் உப்பும் தண்ணீரும் மட்டுமே ஒரு நாளில் இரண்டு பவுண்டு ஏற்றி இறக்கும். முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர்தான், அப்புறம் வேகம் குறையும்போது பயப்படாதீர்கள்.

எடையோடு இடுப்பையும் அளங்கள். தையல் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி, மூச்சை விட்டபிறகு பாருங்கள். நம் தெற்காசிய உடலுக்குப் பெண்கள் 80 செ.மீ., அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்கள் 90 செ.மீ., முப்பத்தைந்தரை அங்குலம். அதற்கு மேல் போனால் சர்க்கரைக்கும் இதயநோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. உயரத்துக்கேற்ற எடையைப் பார்க்க, பவுண்டு எடையை 703-ஆல் பெருக்கி, அங்குல உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். ஆசியர்களுக்கு 23-க்கு மேல் வந்தாலே கவனிக்கத் தொடங்க வேண்டும். என் உயரத்துக்கு 23 என்பது 126 பவுண்டு. நான் 168-இல் தொடங்கி, பதினான்கு மாதத்தில் 147-க்கு வந்தேன். 126-க்குப் போவேனா என்று தெரியாது, ஆனால் முழங்கால் வலி இல்லாமல் மூன்று மாடி ஏறுகிறேன். என் வீட்டுக்காரரின் சர்க்கரையும் டாக்டர் சொன்ன அளவுக்குள் நிற்கிறது, மாத்திரையோடுதான்.

நடுவில் ஐந்தாறு வாரம் முள் அசையாமல் நிற்கும். எனக்கு 155-இல் நின்றது. அப்போது இன்னும் சோற்றைக் குறைக்கலாமா என்று கை போகும். அதற்கு முன் மறுபடி ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நான் எழுதியபோது சோறு கிண்ணத்தின் கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை நின்றுகொண்டிருந்தது, எண்ணெய்ப் பாட்டில் வெள்ளிக்கிழமையே தீர்ந்துகொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் மறுபடி இறங்கியது. சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேர நடையையும் அப்போதுதான் சேர்த்துக்கொண்டேன்.

போதும் என்ற எடைக்கு வந்தபிறகு கிண்ணத்தை உள்ளே வைத்துவிடாதீர்கள். மதியம் மட்டும் கால் டின் சோறு கூட்டி இரண்டு வாரம் பாருங்கள். எடை நின்றால் அந்தக் கால் டின் உங்களுடையது. ஏறினால் திருப்பிக் குறைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி முயன்று பாருங்கள்.